சோயாவுக்கு விதைப்பில் இடும் தழைச்சத்து: ‘தொடக்க உரம்’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

சோயா மொச்சையில் கந்தகத்தையும் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) வெவ்வேறு அளவில் இட்டு விளைச்சலை அளக்கும் ஆய்வுக்கான சொற்பட்டியலில், விதைப்பின்போது இடும் சிறிதளவு தழைச்சத்துக்குத் ‘தொடக்க உரம்’ என முன்மொழிந்திருக்கிறீர்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எனக்கு அது ஒப்பவில்லை. இங்கே தமிழில் அடியுரம், மலையாளத்தில் அடிவளம் என்று வழங்குவது மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாவற்றுக்கும் பொது. தொடக்க உரம் என்றாலும் உழவர் அதையே நினைப்பார்.

சொல்லில் காலத்தைவிடக் காரணம் தெரிய வேண்டும். விதையில் இருந்த சத்து தீர்ந்து, நுண்ணுயிர்கள் தங்கும் வேர்முடிச்சு காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கத் தொடங்காத ஓர் இடைவெளி இளஞ்செடிக்கு உண்டு; எக்டேருக்கு 20 கிலோ தழைச்சத்து இடுவது அதற்காகத்தான். சென்ற பட்டத்தில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, முடிச்சை நகத்தால் கீறியபோது உள்ளே வெளுத்திருந்தது. பத்து நாள் கழித்து அதே வரிசையில் எடுத்த செடியிலோ இரத்தம் கட்டியதுபோல் சிவந்திருந்தது. சிவந்த முடிச்சுதான் வேலை செய்யும் முடிச்சு. முதல்முறை பெயர்த்தபோது என்னோடு குனிந்து பார்த்த பக்கத்துக் காட்டுப் பெரியவர், “முடிச்சு வேலைக்கு வர்ற வரைக்கும் ஒரு கைத்தாங்கல் வேணுமல்ல கண்ணு” என்றார்.

‘கைத்தாங்கல்’ என்ற அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம் என்பது என் வேண்டுகோள். கைத்தாங்கலாக நடத்திச் செல்பவர், கால் ஊன்றியதும் கையை விட்டுவிடுவார். தழைச்சத்தைத் தொடர்ந்து மிகுதியாக இட்டால் முடிச்சு குறைந்துபோகும் என்ற செய்தியும் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வெறும் ‘தாங்கல்’ என்றால் வடமாவட்டங்களில் ஏரியைக் குறிக்கும் என்பதால், ‘கை’யை விட வேண்டாம்.

ஆனால் ‘கைத்தாங்கல் உரம்’ என்று எழுதாமல், ‘கைத்தாங்கல் தழைச்சத்து’ என்றே எழுத வேண்டும். உரம் என்றால் எந்த உரமும் ஆகலாம். கந்தகமும் கலந்த அம்மோனியம் சல்பேட்டில் 20 கிலோ தழைச்சத்து இட்டால், கூடவே 22 கிலோவுக்கு மேல் கந்தகமும் மண்ணில் சேர்ந்துவிடும்; பிறகு விளைச்சல் கூடியது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதிலும் முடிச்சுக்குள் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கே கந்தகம் தேவைப்படுவதால், இந்த ஆய்வில் இரண்டையும் தனித்தனியே இடுவது இன்றியமையாதது. யூரியாவில் கைத்தாங்கல் தழைச்சத்தும் ஜிப்சத்தில் கந்தகமும் தருவதாக அட்டவணையில் எழுதினால், படிப்பவருக்கு ஐயம் எழாது.

மேலுரமாகப் பூக்கும் பருவத்தில் இடுவதற்கு இச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்ற குறிப்பையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.