கண்மாய் நிறைந்த வருஷங்கள்: யாரிடமாவது குறிப்பு இருக்கிறதா?

வணக்கம். நீரியலில் ஆய்வு செய்கிறேன். வறண்ட பகுதிகளில் நீர் இருப்பு தலைப்பு. ராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்கள்தான் (பாசன ஏரிகள்) களம். ஸ்வீடன் நீரியலாளர் மாலின் ஃபால்கன்மார்க் வகுத்த அளவுப்படி, ஆளுக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் தண்ணீர் 1,700 கன மீட்டருக்குக் கீழே போனால் நீர் நெருக்கடி. நல்ல அளவுகோல்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி, ஆழமில்லாத கண்மாயில் கிடந்து ஆவியாகிப் போகும் தண்ணீரை அது காட்டாது. செயற்கைக்கோள் படம் பார்க்கலாமென்றால் அந்த மாதங்களில் ஒரே மேகம்!

எந்த வருஷம் கலுங்கு (உபரி நீர் வெளியேறும் வழி) வழிந்தது, எப்போது மடை திறந்தார்கள், எப்போது தரை தெரிந்தது என்று நீர்ப்பாய்ச்சிகளோ (வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பில் இருப்பவர்கள்) வீட்டுப் பெரியவர்களோ எழுதிவைத்த நோட்டு, டைரி இருந்தால் சொல்லுங்கள். தேதி தெரிந்த பழைய புகைப்படமும் போதும். முதுகுளத்தூர், ஆர்.எஸ். மங்கலம் பக்கம் என்றால் நானே வந்து படியெடுத்துக்கொள்கிறேன். நோட்டை வாங்கிக்கொண்டு போகமாட்டேன்.