ஒரே வருட சோட்டோவுக்கு ஐந்து பேர்: யாங்கீஸ் செய்தது சரியா? (ரசிகர்கள் உரையாடல், ஜனவரி 2024)

பிராங்ஸ் பாலா:
இன்னும் மூன்று வாரம்தான். பிப்ரவரி நடுவில் நம் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) கேட்சர்களும் (அதைப் பின்னால் நின்று பிடிப்பவர்கள்) ஃப்ளோரிடாவின் டாம்பாவுக்கு வந்துவிடுவார்கள். அடுத்த சில நாளில் மற்றவர்களும் வந்து சேர்வார்கள். இங்கே நியூஜெர்சியில் வாசலில் பனி கிடக்கிறது. நான் தினமும் காலையில் காபி குடிக்கும்போது நாள்காட்டியைத்தான் பார்க்கிறேன். இருபது வருடமாக யாங்கீஸ் ரசிகன், ஆனால் சீசனுக்கு முந்தைய ஸ்பிரிங் ட்ரெயினிங் முகாமுக்கு இப்படி ஏங்கியதில்லை.

காரணம் ஹுவான் சோட்டோ. டிசம்பர் முதல் வாரம் நடந்த ட்ரேடை (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) தவறவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன். சான் டியாகோ பாட்ரெஸிடமிருந்து சோட்டோவும் டிரென்ட் கிரிஷமும் வந்தார்கள். நாம் கொடுத்தது மைக்கேல் கிங், ட்ரூ தார்ப், ஜானி பிரிட்டோ, ராண்டி வாஸ்கெஸ் என்று நான்கு பிட்சர்கள், கூடவே கேட்சர் கைல் ஹிகாஷியோகா.

போன வருடம் நாம் பார்த்தது என்ன? 82 வெற்றி, 80 தோல்வி. 2016க்குப் பிறகு முதல்முறையாக பிளேஆஃப் இல்லை. அணியின் பேட்டிங் சராசரி .227, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 227 ஹிட்தான். ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கேட்ச் பிடிக்கப் போய் நம் முக்கிய பேட்டர் ஆரன் ஜட்ஜுக்குக் கால் கட்டைவிரல் தசைநார் கிழிந்தது. அதோடு நம் பேட்டிங் படுத்துவிட்டது. 106 ஆட்டத்தில் 37 ஹோம் ரன் (சுவரைத் தாண்டும் அடி) அடித்த ஒரே மனிதரை நம்பி மொத்த அணியும் நின்றது.

சோட்டோ போன வருடம் 162 ஆட்டமும் ஆடினார். 35 ஹோம் ரன், 132 வாக் (நான்கு தவறான பந்துகளை அடிக்காமல் விட்டு முதல் பேஸுக்குப் போவது). வயது 25. இந்த மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். என் மகள் சாஃப்ட்பால் ஆடுகிறாள், இடது கை. பள்ளி முடிந்து வந்ததும் சோட்டோ பந்தை விடுகிற காணொளிகளைத்தான் பார்க்கிறாள். அடிப்பதை இல்லை, விடுவதை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை டிராவிட் விடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவள் ஏன் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிகிறது.

பிப்ரவரி 25, ஸ்டைன்பிரென்னர் ஃபீல்டில் டொராண்டோவுடன் ஆட்டம். இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

புல்பென் ராஜி:
பாலா, உங்கள் மகளுக்காக எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அணிக்காக மகிழ முடியவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த ட்ரேடுக்கு ஒரு நாள் முன்னால்தான் வெர்டுகோ என்ற வீரருக்காக பாஸ்டனுக்கு மூன்று பிட்சர்களைக் கொடுத்தோம். இதில் நான்கு. இரண்டே நாளில் ஏழு பிட்சர்கள் கைவிட்டுப் போனார்கள். மிச்சம் யார்? ஜெரிட் கோல், சரி, லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒருமனதாக வாங்கியவர், அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்து ரோடோன். 162 மில்லியன் டாலர் ஒப்பந்தம், போன வருடம் 14 ஆட்டம், 6.85 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்; குறைந்தால் நல்லது). அடுத்து நெஸ்டர் கோர்டெஸ், தோள் காயத்தோடு 12 ஆட்டம். அடுத்து ஷ்மிட், ஒரு முழு சீசன் ஸ்டார்ட்டராக (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக) ஆடியது போன வருடம்தான் முதல் தடவை. இன்னொரு ஸ்டார்ட்டர் செவரினோ மெட்ஸுக்குப் போய்விட்டார். இந்த மாதம் பிட்சர் ஸ்ட்ரோமனை இரண்டு வருடத்துக்கு 37 மில்லியனுக்கு எடுத்தார்கள். அது கிங் விட்டுப்போன இடத்தை அடைக்குமே தவிர, அதற்கு மேல் ஒன்றும் சேர்க்காது.

கிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் பந்து வீசிக்கொண்டிருக்கும்போதே முழங்கை எலும்பு உடைந்தவர். அந்த ஆட்டத்தை நான் நேரலையில் பார்த்தேன். இனி இவர் எழுந்து வருவாரா என்று நினைத்தேன். வந்தார். போன ஆகஸ்டில் ஸ்டார்ட்டர் ஆக்கினார்கள். செப்டம்பரில் டொராண்டோவுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸில் 13 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது) எடுத்தாரே, அன்றைக்கு நம்முடைய இரண்டாவது ஸ்டார்ட்டர் கிடைத்துவிட்டார் என்று சந்தோஷமாகத் தூங்கினேன். இன்னும் இரண்டு வருடம் நம்மிடம் இருந்திருப்பார், சம்பளமும் குறைவு.

சோட்டோ எத்தனை வருடம்? ஒன்று. 31 மில்லியன் சம்பளம், சம்பள நடுவர் முறையில் இருக்கும் ஒரு வீரருக்கு 2024 ஜனவரி வரை கொடுத்ததிலேயே பெரிய தொகை. அக்டோபர் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம். முன்பு ஆடிய வாஷிங்டன் அணி 440 மில்லியன் நீட்டியபோதே வேண்டாம் என்றவர். அவருடைய முகவர் ஸ்காட் போராஸ். சீசன் நடுவில் அவர் கையெழுத்துப் போடுவார் என்று யாரும் நம்ப வேண்டாம். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

தேன்மொழி:
ராஜி அக்கா, கிங் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். மற்ற மூவரும்? தார்ப் போன வருடம் மைனர் லீகில் (கீழ்நிலை லீக்) 182 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார், அருமையான சேஞ்சப் (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து). ஆனால் மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. "இந்தப் பையன் வருவான், அந்தப் பையன் வருவான்" என்று யாங்கீஸ் எத்தனை வருடம் இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருக்கிறது! கடைசியாக உலகத் தொடரை (சாம்பியன் பட்டத்துக்கான வேர்ல்ட் சீரிஸ்) ஜெயித்தது 2009. அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு இரண்டு குழந்தைகள்.

கோலுக்கு வயது 33. ஜட்ஜுக்கு 31, ஏப்ரலில் 32. இவர்கள் இருவரும் உச்சத்தில் இருக்கும்போது ஜெயிக்காவிட்டால் பிறகு எப்போது?

புல்பென் ராஜி:
இதே வாதத்தைத்தான் 2021ல் ஜோயி கேல்லோவுக்காகவும் சொன்னார்கள் தேன்மொழி. இடது கை, நிறைய வாக், ஸ்டேடியத்தின் வலது பக்கச் சுவர் 314 அடியில்தான், பந்து தானாகப் பறக்கும் என்றார்கள். நான்கு இளைஞர்களைக் கொடுத்தோம். கேல்லோ அடுத்த வருடம் நம்மிடம் .159 அடித்தார், ஆகஸ்டில் டாட்ஜர்ஸுக்கு அனுப்பினோம். நாம் கொடுத்தவர்களில் டுரானும் ஜோஷ் ஸ்மித்தும் போன நவம்பரில் டெக்சாஸுடன் சேர்ந்து கோப்பை தூக்கினார்கள்.

பிராங்ஸ் பாலா:
கேல்லோவையும் சோட்டோவையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் ராஜி, இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். கேல்லோ ஏராளமாக ஸ்ட்ரைக் அவுட் ஆகிறவர். சோட்டோ போன வருடம் ஸ்ட்ரைக் அவுட் ஆனதைவிட வாக் போனது அதிகம். ஆறு வருடம் ஆடி, ஆன்பேஸ் .421. நூறு தடவை மட்டையோடு வந்தால் 42 தடவை பேஸில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஜட்ஜ். எதிரணி பிட்சர் சோட்டோவுக்கு ஏழு பந்து, எட்டு பந்து வீசிக் களைத்த பிறகு, பேஸில் ஆளை வைத்துக்கொண்டு, 2022ல் 62 அடித்த மனிதருக்கு வீச வேண்டும். இதை நினைத்துப் பாருங்கள்.

வலது பக்கச் சுவர் விஷயத்தில் நீங்கள் சொன்னதில் பாதி சரி. சோட்டோ தரையோடு அடிப்பது அதிகம், எதிர்ப்பக்கமும் நிறைய அடிப்பார். அந்தக் குட்டைச் சுவரால் நாற்பது ஐம்பது ஹோம் ரன் வரும் என்று நான் கணக்குப் போடவில்லை. எனக்கு வேண்டியது அந்த 132 வாக்.

சுந்தர், சான் டியாகோ:
பாட்ரெஸ் ரசிகன் உள்ளே வரலாமா? நீங்கள் வாங்கியதைப் பற்றிப் பேசுகிறீர்கள். இழந்தவன் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

2022 ஆகஸ்டில் சோட்டோ இங்கே வந்த அன்று நான் அலுவலகத்தில் வேலையே செய்யவில்லை. அவருக்காக நாங்கள் கொடுத்தது ஏப்ரம்ஸ், கோர், ஜேம்ஸ் வுட், ஹாசல், சுசானா என்று ஒரு தலைமுறை. அந்த அக்டோபரில் 111 வெற்றி பெற்ற டாட்ஜர்ஸை வீழ்த்தினோம். ஊரே தெருவில் இருந்தது. அப்புறம் 2023. உங்களைப் போலவே 82-80! மச்சாடோ, டாட்டிஸ், போகார்ட்ஸ், சோட்டோ என்று அத்தனை பேர் இருந்தும் ஒரே ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 9-23. கூடுதல் இன்னிங்ஸில் 2-12. ராஜி மேடம் சொல்வது இதுதான் என்று நினைக்கிறேன். நட்சத்திர மட்டை எத்தனை இருந்தாலும் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸைத் தாங்கப் பந்து வீச ஆள் வேண்டும்.

ஆனால் அது சோட்டோவின் தவறு இல்லை. அவர் தினமும் வந்தார், தினமும் ஆடினார். அவரை விற்றதற்குக் காரணம் பணம். எங்கள் தொலைக்காட்சி ஒப்பந்தம் போன மே மாதமே முறிந்தது. நவம்பரில் உரிமையாளர் பீட்டர் சைட்லர் காலமானார். அந்த மனிதர் இந்த ஊருக்குக் கோப்பை வேண்டும் என்று கையைக் கட்டாமல் செலவழித்தார். அவர் போன அடுத்த மாதமே சோட்டோ போனது எனக்கு இரண்டாவது துக்கம் மாதிரி இருந்தது.

சை யங் வாங்கிய ஸ்னெல், லூகோ, வாக்கா, ஹேடர் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒப்பந்தம் முடிந்து நின்றார்கள். எங்களுக்கு இன்னிங்ஸ் போட ஆள் தேவை. கிங்கைக் கொடுத்ததற்கு நன்றி. நாங்கள் மார்ச் 20ல் சியோலில் டாட்ஜர்ஸுடன் தொடங்குகிறோம், அதனால் பியோரியாவில் முகாம் உங்களுக்கு முன்பே ஆரம்பம். நானும் நாளை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன், கிங்குக்காக.

புல்பென் ராஜி:
சுந்தர் சார், கிங்கைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த முழங்கையை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. ஹிகாஷியோகாவையும். 2008ல் நாங்கள் தேர்ந்தெடுத்த பையன், பதினைந்து வருடம் இதே அமைப்பில் இருந்தார். 2021ல் க்ளூபரின் நோ ஹிட்டர் (ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்), போன ஜூனில் ஹெர்மானின் பெர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவர்கூட பேஸுக்கு வராத ஆட்டம்), இரண்டுக்கும் கேட்சர் அவர்தான். பிட்சரை எப்படி நடத்திச் செல்வது என்று தெரிந்த மனிதர்.

ஸ்டாம்ஃபர்ட் செல்வம்:
நான் உங்கள் பரம எதிரியான பாஸ்டன் ரெட் சாக்ஸின் ரசிகன். இங்கே பேசவே கூடாது, இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியில் எங்கள் ஆட்கள் மூக்கி பெட்ஸை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தபோது "ஒரு வருடம்தானே மிச்சம், வருங்காலத்தைப் பார்ப்போம்" என்று சொன்னார்கள். ஜூலையில் பெட்ஸ் அங்கே 12 வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டார், அக்டோபரில் கோப்பை வாங்கினார். நான் இன்றுவரை அந்த ட்ரேடைப் பற்றி நிம்மதியாகப் பேசியதில்லை. 25 வயதில் இப்படி ஒருவர் கிடைத்தால் கணக்குப் பார்க்காமல் வாங்க வேண்டும் ராஜி அக்கா. வாங்காத பக்கத்தின் வலி எனக்குத் தெரியும்.

புல்பென் ராஜி:
பெட்ஸ் உதாரணம் வலுவானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டாட்ஜர்ஸிடம் அப்போது கெர்ஷா, ப்யூலர், யூரியாஸ் என்று நல்ல பிட்சர்கள் எல்லாம் இருந்தார்கள். சுவர் இருந்தது, சித்திரம் வரைந்தார்கள். நம்மிடம் கோல் ஒருவர்தான் சுவர். அவருக்கு ஏதாவது ஆனால்?

இன்னொன்றையும் யாரும் பேசவில்லை. சோட்டோ வலது புலத்தில் நின்றால் ஜட்ஜ் நடுவில் ஓட வேண்டும். ஆறடி ஏழு அங்குல உடம்பு, போன வருடம் காயம்பட்ட கால்விரல். 162 ஆட்டம் சென்டர் ஃபீல்டில் அவரை ஓடவிடுவது சரியா?

தேன்மொழி:
அதற்குத்தானே அக்கா கிரிஷம் வருகிறார். மட்டை போன வருடம் .198, மறுக்கவில்லை. ஆனால் சென்டர் ஃபீல்டில் சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருதை இரண்டு முறை வாங்கியவர். வாரம் ஒன்றிரண்டு நாள் அவரை நிறுத்தி ஜட்ஜுக்கு மட்டை மட்டும் கொடுக்கலாம்.

கோலைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 2019 உலகத் தொடரின் முதல் ஆட்டம், ஹூஸ்டன். அப்போது ஹூஸ்டன் அணியில் இருந்த கோல் மே மாதத்துக்குப் பிறகு தோற்கவே இல்லை. இருபது வயதுப் பையன் ஒருவன் வந்து அவர் பந்தை இடது பக்கம், மைதானச் சுவருக்கு மேலே இருக்கும் ரயில் தண்டவாளம் வரை தூக்கி அடித்தான். அடுத்த இன்னிங்ஸில் இரண்டு ரன் தந்த டபுள் (இரண்டாம் பேஸ் வரை போகும் அடி). அன்று கோல் தோற்றார். அந்தப் பையன்தான் சோட்டோ. இந்த மார்ச் 28, சீசனின் முதல் ஆட்டம் அதே ஹூஸ்டன் மைதானத்தில். இப்போது இருவரும் நம் சட்டையில்.

பிராங்ஸ் பாலா:
இதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது தேன்மொழி. அந்த ஆட்டத்தை நான் பார்த்தேன், ஆனால் முதல் ஆட்டம் அதே மைதானம் என்பதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

ராஜி, ஒரு வருடம்தான் என்பதை நான் மறுக்கவே இல்லை. அந்த ஒரு வருடத்தை முழுதாகப் பார்க்க வேண்டும் என்பதால்தான் டாம்பாவுக்கே போகிறேன். நவம்பரில் அவர் போனால் போகட்டும். பன்னிரண்டு வயதில் என் மகள் அவர் ஆடுவதை அருகில் நின்று பார்த்திருப்பாள்.

புல்பென் ராஜி:
அதற்கு நான் எதிர்வாதம் சொல்ல மாட்டேன் பாலா. ஆனால் ட்ரேடு தவறு என்ற என் கருத்தும் மாறவில்லை.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். அங்கே எல்லோரும் சோட்டோ மட்டை பிடிப்பதைப் பார்க்கக் கூட்டமாக நிற்பார்கள். நீங்கள் காலையிலேயே போய், முடிந்தால் ரோடோன் புல்பென்னில் (பிட்சர்கள் வீசிப் பழகும் இடம்) வீசுவதைப் பாருங்கள். ஸ்பிரிங் ஆட்ட எண்களை நான் நம்புவதில்லை, பிட்சர்கள் அங்கே புதிதாக எதையாவது முயன்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு வேண்டியது அவர் உடம்பு எப்படி இருக்கிறது, வீசி முடித்ததும் முதுகைப் பிடிக்கிறாரா, பந்து கேட்சர் கையுறையில் விழும் சத்தம் எப்படி இருக்கிறது என்பதுதான். இந்த சீசன் அவர் கையில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிராங்ஸ் பாலா:
கண்டிப்பாக. வெள்ளி இரவு விமானம், சனிக்கிழமை முழுவதும் டாம்பாவில்தான் இருப்போம். ரோடோன் வீசினால் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு அன்று இரவே இங்கே எழுதுகிறேன். மகளிடம் சொன்னேன், கையுறைச் சத்தத்தை அவள் பதிவு செய்து தருகிறாளாம்.