ஆபீசில் மீதமிருக்கும் விண்டோஸ் 10: எந்த வரிசையில் கழற்றுவது?

கேபிள்முடிச்சு (கேள்வி)

வணக்கம். மொத்தம் 140 கணினிகள், எல்லாம் ஒரே டொமைன் (ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் குழு), விண்டோஸ் 10 புரோ 22எச்2 (அதன் கடைசிப் பதிப்பு). 2025 அக்டோபர் 14-இல் மைக்ரோசாப்ட் ஆதரவு முடிந்ததால், அதற்குப் பிறகு பேட்ச் (பாதுகாப்புத் திருத்தம்) எதுவும் ஏறவில்லை. கணக்கெடுத்ததில் நிலவரம் இது:

85-இல் விண்டோஸ் 11-க்குத் தடையில்லை. 37-இல் எட்டாம் தலைமுறை இன்டெல் இருக்கிறது. ஆனால் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) இல்லை என்று காட்டுகிறது, டிஸ்க்கும் எம்பிஆர் (பழைய வகைப் பிரிவு அட்டவணை). 15-இல் இருப்பது விண்டோஸ் 11 ஏற்காத ஆறாம், ஏழாம் தலைமுறை பிராசசர். மீதி 3-இல் ஓடுவது 32-பிட் விண்டோஸ். அவை சீரியல் போர்ட் வழியாகச் சோதனைக்கூடக் கருவிகளை இயக்குகின்றன. அந்த மென்பொருளை எழுதிய நிறுவனம் இப்போது இல்லை.

ஒரே வார இறுதியில் முடிக்கச் சொல்கிறார்கள். முடியுமா? 37-ஐ பார்மட் போடாமல் மாற்ற வழி உண்டா? கடைசி 18-ஐ என்ன செய்வது?

பூட்செக்டர்

37-ஐப் பற்றி மட்டும் சொல்கிறேன். எட்டாம் தலைமுறை போர்டில் டிபிஎம் இல்லாமல் இருக்காது. பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு) அணைந்து கிடக்கும். இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள். லெகசி (பழைய பூட்) முறையில் விண்டோஸ் போட்டதால் டிஸ்க் எம்பிஆர் ஆகியிருக்கிறது. பார்மட் தேவையில்லை, டிஸ்க்கைப் புதிய ஜிபிடி வகைக்கு மாற்ற விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி போதும். ஆனால் வரிசை தவறக் கூடாது.

முதலில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் குறியாக்கம்) மீட்புச் சாவி ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் பதிவேடு) பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள். எடுத்த எடுப்பில் கன்வர்ட் கொடுக்காமல், சரிபார்க்க மட்டும் செய்யும் வேலிடேட் கட்டளையைத் தனியாக ஓட்டுங்கள். (விண்டோஸ் ஓடும்போதே செய்ய 'அலவ்ஃபுல்ஓஎஸ்' என்ற ஸ்விட்சைச் சேர்க்க வேண்டும்.) அது தேறினால் கன்வர்ட். அடுத்து பயாஸுக்குப் போய் சிஎஸ்எம்-ஐ (பழைய பூட் முறைக்கான வசதி) அணைத்து யூஇஎஃப்ஐ-க்கு (புதிய பூட் முறை) மாற்றுங்கள். ஒருமுறை விண்டோஸ் ஒழுங்காக எழுந்த பிறகுதான் பிடிடி, அதற்குப் பிறகு செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் எழவிடும் வசதி).

டிஸ்க்கை மாற்றாமல் பயாஸை முதலில் மாற்றினால் 'பூட் டிவைஸ் இல்லை' என்று நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை, திரும்ப லெகசிக்கு வைத்தால் எழுந்துவிடும். வேலிடேட் தோற்றால் பெரும்பாலும் காரணம் பார்ட்டிஷன்தான் (டிஸ்க்கின் பிரிவு): பிரைமரி மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் இருக்கவே கூடாது. கணினியோடு வந்த பழைய ரெக்கவரி பார்ட்டிஷன்தான் அடிக்கடி நான்காவது ஆளாக உட்கார்ந்திருக்கும்.

இன்னும் இரண்டு. மாற்றம் முடிந்ததும் மீட்புச் சூழல் அணைந்துபோவது சகஜம். ரீஏஜென்ட்சி கட்டளையில் ஒருமுறை டிசேபிள், ஒருமுறை எனேபிள் கொடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு செருகிய கணினியில் சிஎஸ்எம்-ஐ அணைத்ததும் திரை கறுத்துப்போனால், கார்டு யூஇஎஃப்ஐ-க்கு முந்தையது என்று அர்த்தம். அதைக் கழற்றிவிட்டு போர்டிலேயே உள்ள டிஸ்ப்ளே போர்ட்டில் வயரைச் செருகுங்கள்.

நிழல்போர்ட்

வார இறுதித் திட்டத்தை விட்டுவிடுங்க. கணினியை ஏற்றுவது சுலபம். அதோடு ஒட்டிக்கிடப்பவைதான் திங்கட்கிழமை காலையில் கழுத்தைப் பிடிக்கும். முதலில் 5, ஒரு வாரம் கழித்து 20, அப்புறம் மீதி. அந்த ஐந்து உங்கள் ஐடி அறையில் இருப்பவையாக இருக்கக் கூடாது. ஒரு துறைக்கு ஒன்று, அதிலும் அதிகமான பிரிண்டரும் டாங்கிளும் (மென்பொருள் உரிமத்துக்கான யுஎஸ்பி சாவி) செருகிய கணினியாகப் பார்த்து எடுங்க. கணக்குப் பிரிவை மாதக் கடைசியில் தொடாதீங்க.

உடைபவற்றில் முதலிடம் ஸ்கேனருக்கு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல் எஸ்எம்பி சைனிங் (கோப்புப் பகிர்வில் கையொப்பச் சரிபார்ப்பு) கட்டாயம், கெஸ்ட் (பாஸ்வேர்ட் இல்லாத) லாகினும் கிடையாது. ஷேர் போல்டருக்கு ஸ்கேனை அனுப்பும் பழைய மெஷினும், பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்துவைத்த என்ஏஎஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டியும் அன்றே நின்றுபோகும். சைனிங்கை எல்லாக் கணினியிலும் தளர்த்தச் சொல்வார்கள், கேட்காதீங்க. ஸ்கேனருக்கு என்று ஒரு கணக்கு உருவாக்கி, அதன் புதிய ஃபர்ம்வேரை (உள்மென்பொருள்) ஏற்றிப் பாருங்க. அப்படியும் சரிவராவிட்டால் ஸ்கேனை மெயிலுக்குத் திருப்பிவிடுங்க.

அடுத்தது பழைய டிரைவர். மெமரி இன்டெக்ரிட்டி (நம்பகமற்ற டிரைவரைத் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் சில டாங்கிள் டிரைவர் ஏறாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் பக்கத்தில் எந்தக் கோப்பு இடிக்கிறது என்று பெயரோடு காட்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கேட்கும் உள்தளம் இருந்தால் எட்ஜில் ஐஇ மோட் போதும். புரோவை விட்டு எண்டர்பிரைஸுக்கு மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் இதைக் கவனியுங்க: அதில் கிரெடென்ஷியல் கார்டு (லாகின் விவரங்களைக் காக்கும் வசதி) தானாக இயங்கும், எம்எஸ்-சேப் வி2 (பாஸ்வேர்ட் வழி நுழையும் முறை) வைஃபை பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும். சான்றிதழ் முறைக்கு முன்னாலேயே போய்விடுவது உத்தமம்.

விண்டோஸ் 10-க்குப் பின்வாங்கும் கெடு வெறும் 10 நாள். ஏற்றிய உடனே டிஸ்ம் கட்டளையில் அதை 60 நாளாக நீட்டுங்க. 10 நாள் கடந்துவிட்டால் நீட்டவும் முடியாது. டிஸ்க் கிளீனப் ஓட்டி விண்டோஸ்.ஓல்டை (பழைய விண்டோஸ் இருக்கும் போல்டர்) யாராவது அழித்துவிட்டாலும் கதை முடிந்தது.

கேபிள்முடிச்சு

இரண்டு பேருக்கும் நன்றி. வேலிடேட் ஓட்டினேன்: 37-இல் 31 தேறிவிட்டன. அந்த 15-இல் ரூஃபஸ் (நிறுவல் பென்டிரைவ் தயாரிக்கும் மென்பொருள்) வழியாகத் தடையை மீறி விண்டோஸ் 11 போட்டுவிடலாம் என்று இங்கே ஒருவர் அடம்பிடிக்கிறார். செய்யலாமா?

ஏழாம்அடுக்கு

ஏறும். ஆறாம் தலைமுறையில் எஸ்எஸ்இ4.2 (பிராசசரின் ஒரு கட்டளைத் தொகுதி) இருப்பதால் 24எச்2 கூட ஓடும். ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு அந்தக் கணினிகளுக்குத் தானாக வராது. ஒவ்வொரு முறையும் யாராவது பென்டிரைவோடு 15 மேசைக்கும் நடக்க வேண்டும். வீட்டுக் கணினிக்குச் சரி, ஆபீசுக்கு வேண்டாம்.

மாற்றுக் கணினி வரும்வரை அந்த 15-க்கு இஎஸ்யு (விண்டோஸ் 10-க்குக் கட்டணத்தில் நீட்டிக்கும் பாதுகாப்பு பேட்ச்) வாங்குங்கள். நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டுவரை, 2028 அக்டோபர் 10-ஓடு முடிகிறது. பட்டியல் விலை முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரட்டிப்பு. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் முதல் ஆண்டுக்கான தொகையையும் கட்டியாக வேண்டும், அதனால் தள்ளிப்போடுவதில் மிச்சம் எதுவும் இல்லை. சாவியை ஏற்றினால் மட்டும் போதாது, அந்த ஆண்டுக்குரிய ஆக்டிவேஷன் ஐடியையும் கொடுத்து இயக்க வேண்டும். பலர் முதல் படியோடு நின்றுவிட்டு, பேட்ச் வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

எல்டிஎஸ்சி (விண்டோஸ் 10-இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு) போடலாமே என்று யாராவது சொன்னால் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண எல்டிஎஸ்சி 2021-க்கு 2027 ஜனவரி 12-இல் முடிவு, இஎஸ்யு-வுக்கும் முன்னால். 2032 ஜனவரிவரை ஓடுவது அதன் ஐஓடி (தனிப்பயன் கருவிகளுக்கான) பதிப்பு மட்டுமே.

அந்த மூன்று 32-பிட் கணினிகளுக்கு மேம்படுத்தல் என்ற பேச்சே இல்லை. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பு கிடையாது, 16-பிட் மென்பொருள் ஓடாது. விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் மென்பொருள் கணினி) போட்டு யுஎஸ்பி-சீரியல் வயரில் முயன்று பார்க்கலாம். விண்டோஸின் ஹைப்பர்-வி யுஎஸ்பியை உள்ளே விடாது, விர்ச்சுவல்பாக்ஸ் விடும். கருவி மில்லிசெகண்ட் துல்லியத்தில் பதில் கேட்டால் அதுவும் சொதப்பும். அப்போது ஒரே வழி பூட்டிவைப்பதுதான்: மூன்றுக்கும் தனி விலான் (பிரித்துவைத்த நெட்வொர்க்), இணையம் அறவே கிடையாது, ஒரே ஒரு ஃபைல் சர்வருக்கு மட்டும் 445-ஆம் போர்ட் (கோப்புப் பகிர்வுக்கானது), வெளியிலிருந்து உள்ளே எதுவும் தொடங்க முடியாதபடி ஃபயர்வால். டொமைன் அட்மின் கணக்கில் அவற்றில் ஒருபோதும் லாகின் ஆகாதீர்கள். அந்த லாகின் விவரம் அங்கே தங்கிவிட்டால் திருடுபவனுக்கு மொத்த ஆபீசும் திறந்துவிடும். இன்றைக்கே டிஸ்க்கை முழுதாக இமேஜ் எடுத்து, இன்னொரு டிஸ்க்கில் ஏற்றி, அது பூட் ஆகிறதா என்று பாருங்கள். பூட் செய்து பார்க்காத இமேஜை நம்பாதீர்கள்.

பூட்செக்டர்

தேறாத 6-இல் அந்த ரெக்கவரி பார்ட்டிஷனை நீக்கிவிட்டு மறுபடி வேலிடேட் ஓட்டுங்கள். எக்ஸ்டெண்டட் இருந்தால் மெனக்கெட வேண்டாம், புதிதாகவே போட்டுவிடலாம்.

எண்ணும்போது ஒரு குழப்பம் வரும்: ஆக்டிவ் டைரக்டரியில் விண்டோஸ் 11-உம் 10.0 என்றுதான் தெரியும். பில்ட் எண்ணைப் பாருங்கள். 19045 என்றால் பழையது, 26100 என்றால் 24எச்2. 90 நாளாக லாகின் ஆகாத 19045 கணினிக் கணக்குகளை முதலில் டிசேபிள் செய்யுங்கள், ஒரு மாதம் கழித்து அழியுங்கள். அலமாரியில் தூங்கும் லேப்டாப்புகள் அதற்குள் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும்.