எதிர்நீச்சல்: கதவு திறந்துதானே கிடந்தது?

வைகைக்கரை:
மருமகள் சீரியல் திரியில் நேற்று கோவைக்காரன் போட்ட பதிவைப் பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அங்கே எழுதினால் அவருடைய ரசிகர் மன்றம் வந்து லைக் போட்டு அமுக்கிவிடும். அதனால் தனித் திரி. அவர் எழுதியது இதுதான்: "எதிர்நீச்சலில் குடும்ப வன்முறையே இல்லை. மருமகள்கள் படித்தவர்கள். வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. போகவில்லை என்றால் அது அவர்கள் விருப்பம்."

விருப்பமாம்! சன் டிவியில் 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூன் வரை ஓடிய சீரியல் அது. கதையின் அடிப்படையே என்ன? படித்த பெண்களாகப் பார்த்து வீட்டுக்குக் கட்டிக் கொண்டுவந்து அடுக்களையில் நிறுத்துவது. அதுதான் வீட்டின் மூத்த அண்ணன் ஆதி குணசேகரனுக்குப் பெருமை. அவன் மனைவி ஈஸ்வரி, தம்பி மனைவிகள் ரேணுகா, நந்தினி, கடைசியாக வந்த ஜனனி, நாலு பேருக்கும் அதே கதிதான். கையில் காசு கிடையாது. வாசலுக்குப் போகக்கூட அனுமதி வேண்டும். 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவை ஒருமுறை படியுங்கள். அடி மட்டுமல்ல, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனதாலும் செய்வது, காசைப் பிடித்து வைத்துக்கொள்வது எல்லாமே அதில் வரும்.

கோவைக்காரன்:
சட்ட வகுப்புக்கு நன்றி மேடம். ஃபீஸ் எவ்வளவு? நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. கதவு திறந்துதானே கிடந்தது? பூட்டு இருந்ததா, சங்கிலி இருந்ததா? எந்த எபிசோடில்?

நெல்லை அல்வா:
ஆரம்பிச்சாச்சு. டீ போட்டுக்கொண்டு வருகிறேன்.

பழைய ஆன்டெனா:
இதெல்லாம் ஒரு சீரியலா? 2002-ல் மெட்டி ஒலி வந்தபோது தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். சிதம்பரம் அஞ்சு பெண்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கைகட்டி நிற்பார். சரோ மாமியார் வீட்டில் பட்ட பாட்டைப் பார்த்து அழாத வீடு உண்டா? இப்போது ஒரு ஆள் கத்துகிறான், நாலு பேர் முறைக்கிறார்கள், பின்னணியில் இடி இடிக்கிறது. இதுதான் வன்முறையைக் காட்டுவதா?

வைகைக்கரை:
ஐயா, மெட்டி ஒலி மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் சரோவைப் படுத்தியது யார் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் "அந்த ராஜம்" என்றுதான் சொல்வார்கள், மாமியார். புருஷன் மாணிக்கத்தை யார் திட்டினார்கள்? "பாவம், அம்மா பிள்ளை" என்று விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்துச் சீரியல் முக்கால்வாசியில் அடிக்கிற புருஷன் தப்பித்துவிடுவான், பழி மொத்தமும் ஒரு கிழவி தலையில் விழும். எதிர்நீச்சலில் மாமியார் விசாலாட்சி இருந்தும் கொடுமையின் முகம் குணசேகரன்தான். அவனைப் பார்த்துத் தம்பி கதிர் கை நீட்டப் பழகுகிறான். குடும்பத்துக்குள் இது எப்படிப் பரவுகிறது என்று அந்த அண்ணன் தம்பி உறவை வைத்தே காட்டினார்கள். அதைப் பார்க்காமல் இடி இடித்ததை மட்டும் பார்த்தால் எப்படி?

கோவைக்காரன்:
கதிரும் வேண்டாம், கதிர் அரிவாளும் வேண்டாம். கதவு.

கோவைக்காரன்:
சரி, நானே ஒரு சாட்சி தருகிறேன். எதிர்நீச்சல் இயக்குநர் திருச்செல்வம். 2003-லிருந்து 2009 வரை ஓடிய கோலங்களும் அவர் இயக்கியதுதான். அதில் தேவயானி நடித்த அபி என்ன செய்தாள்? புருஷன் பாஸ்கரை உதறிவிட்டு வெளியே வந்தாள், கட்டடத் தொழிலில் நின்று காட்டினாள். அதே ஆள் இருபது வருஷம் கழித்து ஈஸ்வரியைச் சமையல்கட்டிலேயே உட்கார வைக்கிறார். அபிக்குத் தெரிந்த கதவு ஈஸ்வரிக்குத் தெரியவில்லையா? இதற்குப் பதில் சொல்லுங்கள், போதும்.

நெல்லை அல்வா:
அடடா, இது நல்ல அடி. மேடம்?

வைகைக்கரை:
அடியா? கோலங்களைச் சரியாகப் பார்த்தவர் பேசுகிற பேச்சா இது? அபி முதலிலிருந்தே சம்பாதிக்கிறவள். பிறந்த வீட்டையே அவள்தான் தாங்கினாள். கையில் சம்பளம் இருப்பவளுக்குக் கதவு கதவாகத் தெரியும். ஈஸ்வரிக்கு வளர்ந்த பிள்ளைகள், கையில் ஒரு ரூபாய் கிடையாது, வெளியே போனால் ஊர் முழுக்க குணசேகரன் ஆட்கள். அதனால்தான் வீட்டின் மூத்தவளான அப்பத்தாவின் நாற்பது சதவீதச் சொத்து அந்தக் கதையில் அவ்வளவு பெரிய விஷயமானது. வில்லனை வெறுப்பேற்ற வைத்த திருப்பம் என்று நினைத்தீர்களா? பெண்கள் கைக்குக் காசு வந்துவிட்டால் அந்த வீடு நிற்காது என்று குணசேகரனுக்கே தெரியும், உங்களுக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். வெளியே போக வேண்டியது அவள்தான் என்று யார் முடிவு செய்தது? அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, அவள் வாழும் வீட்டில் தங்க அவளுக்கு உரிமை உண்டு என்கிறது, வீடு யார் பெயரில் இருந்தாலும் சரி. 19ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் அவனையே வீட்டை விட்டு வெளியேறச் சொல்லலாம். அப்படி ஒரு காட்சியை எந்தச் சீரியல்காரராவது எடுத்திருந்தால் நானே போய் மாலை போட்டிருப்பேன். அதுதான் என் குறை.

கோவைக்காரன்:
சீரியலுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்தவர் இப்போது சீரியலையே குறை சொல்கிறார். குறித்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

வைகைக்கரை:
குறித்துக்கொள்ளட்டும். சீரியல் நல்லது என்று நான் எங்கே சொன்னேன்? வன்முறை இல்லை என்ற உங்கள் உளறலுக்குத்தான் பதில்.

ஃபுட்டேஜ்:
சீரியல் யூனிட்டில் சில வருஷம் உதவி இயக்குநராகக் குப்பை கொட்டியவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. எந்தச் சேனல் என்று கேட்காதீர்கள். ஈஸ்வரி ஏன் போகவில்லை என்றால், போனால் அவளுக்கு இன்னொரு வீடு பார்க்க வேண்டும். புது லொக்கேஷன், புது வாடகை, புது ஆட்கள். ஒரே ஹாலில் பத்து பேரை நிறுத்தி ஆளுக்கொரு ரியாக்ஷன் எடுத்தால் பாதி எபிசோட் முடிந்தது. வியாழக்கிழமை ரேட்டிங் வரும். அறை விழுந்த வாரம் எண் ஏறியிருந்தால் அடுத்த வாரமும் அறை விழும். அழுகிற வாரம் ஏறினால் அழுகை. இதில் பெண்ணியமும் இல்லை, சட்டமும் இல்லை.

பழைய ஆன்டெனா:
அப்படிச் சொல்லுங்கள் தம்பி. அந்தக் காலத்தில் இப்படி இல்லை.

ஃபுட்டேஜ்:
அந்தக் காலத்திலும் இப்படித்தான் சார். உங்களுக்குத் தெரியாது.

பழைய ஆன்டெனா:
எனக்குத் தெரியாதா? நீங்கள் பிறப்பதற்கு முன்பே டி.வி. பார்த்தவன் நான்.

லண்டன் குளிர்:
இங்கே பிபிசியில் ஈஸ்ட்எண்டர்ஸ் என்றொரு சீரியல் 1985-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. 2019, 2020-ல் சான்டல் என்ற பெண்ணின் கதையை எடுத்தார்கள். கணவன் கிரே வக்கீல், வெளியே தங்கமான மனிதன். குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்களுக்கு உதவும் விமென்ஸ் எய்ட், ரெஃப்யூஜ் ஆகிய அமைப்புகளிடம் ஆலோசனை கேட்டு எழுதிய கதை. அவள் விட்டுப் போக முடிவு செய்கிறாள், அது அவனுக்குத் தெரிந்த அன்றுதான் செத்துப் போகிறாள். கோவைக்காரன் சொல்கிற கதவு இருக்கிறதே, அதன் அருகில் போகும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். இது தெரிந்துதான் அப்படி எழுதினார்கள். அந்த மாதிரிக் கதை போனால் கடைசியில் உதவிக்கு எங்கே பேசலாம் என்றும் சொல்வார்கள்.

கோவைக்காரன்:
வந்துவிட்டார் வெள்ளைக்காரர் சம்பந்தி. அங்கே குளிர், இங்கே வெயில். எங்கள் ஊர்க் கதைக்கு உங்கள் ஊர் கதவை மாட்டாதீர்கள்.

லண்டன் குளிர்:
போன மாசம் வரதட்சணைத் திரியில் பதில் சொல்ல முடியாமல் ஓடினீர்களே, அந்தக் கதவு எந்த ஊர்க் கதவு?

நெல்லை அல்வா:
😂😂

வைகைக்கரை:
லண்டன்காரர் சொன்னதில் ஒன்றை விட்டுவிட வேண்டாம். இங்கே ஹீரோ சிகரெட் பற்ற வைத்தால் திரையின் மூலையில் எச்சரிக்கை வருகிறது. டம்ளரைத் தூக்கினால் "மது நாட்டுக்கு வீட்டுக்கு உயிருக்குக் கேடு". ராத்திரி ஒன்பதரை மணிக்குப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது கதிர் நந்தினியிடம் கை ஓங்குகிறான், கீழே என்ன ஓடுகிறது? நகைக்கடை விளம்பரம். அங்கே பெண்கள் உதவி எண் 181 என்று மூன்று எண் போட்டால் சேனலுக்கு என்ன குறைந்துவிடும்? மாவட்டச் சமூகநலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பதே எத்தனை பேருக்குத் தெரியும்?

கோவைக்காரன்:
181 போட்டாலும் அடிக்கிறவன் அடிப்பான். அதிருக்கட்டும், நிஜத்தைப் பேசுங்கள். ஊரே குணசேகரனை ரசித்ததே, "ஏய் இந்தாம்மா" என்று சின்னப் பிள்ளைகள் வரை சொல்லித் திரிந்ததே? கொடுமைக்காரன் என்று மக்கள் நினைத்திருந்தால் ரசித்திருப்பார்களா? உங்களுக்கு மட்டும்தான் அது வன்முறை. குணசேகரனாக நடித்த மாரிமுத்து மாதிரி ஒரு பெரிய நடிகரை...

வைகைக்கரை:
மக்கள் ரசித்தார்கள் என்பதுதான் இதில் பயங்கரம். தேசியக் குடும்பநல ஆய்வு என்று ஒன்று நடத்துகிறார்கள். 2019–21 ஆய்வில் பெண்டாட்டியை அடிக்கலாமா என்று ஏழு காரணங்களைச் சொல்லிக் கேட்டார்கள். சொல்லாமல் வெளியே போனால், எதிர்த்துப் பேசினால், சமையல் சரியில்லை என்றால், இப்படி. ஒரு காரணத்துக்காவது அடிக்கலாம் என்று சொன்ன பெண்கள் நாடு முழுக்க 45 சதவீதம், ஆண்கள் 44. பெண்கள் ஒரு படி கூட! இந்த ஊரில் குணசேகரனை ரசிக்காமல் என்ன செய்வார்கள்? எங்கள் தெருவில் ஒருவர் அந்த வசனத்தையே ரிங்டோனாக வைத்திருந்தார். அவர் வீட்டம்மா அது அடிக்கும்போதெல்லாம் சிரித்ததில்லை.

சோழவந்தான் வெற்றிலை:
மாரிமுத்து அண்ணன் 2023 செப்டம்பர் 8 அன்று இதே சீரியலுக்கு டப்பிங் பேசும்போதுதான் மாரடைப்பு வந்து இறந்தார். எங்கள் பக்கத்து ஆள், தேனி மாவட்டம். கண்ணும் கண்ணும், புலிவால் என்று படம் இயக்கியவர். அவரைக் கொடுமைக்காரன் என்று எழுதுவதற்குக் கை கூசவில்லையா?

வைகைக்கரை:
நான் எழுதியது கதாபாத்திரத்தைப் பற்றி. இதைக்கூடப் பிரித்துப் பார்க்கத் தெரியாதா? அவருக்குப் பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார், குணசேகரன் திருந்திவிட்டானா?

சோழவந்தான் வெற்றிலை:
அந்த நடிப்பு வேல ராமமூர்த்திக்கு வரவில்லை.

பழைய ஆன்டெனா:
யார் சொன்னது? வேல ராமமூர்த்தி எழுத்தாளர். அவர் மிரட்டலே வேறு.

சோழவந்தான் வெற்றிலை:
எழுத்தாளர் என்றால் எழுதட்டும் ஐயா. "இந்தாம்மா" என்பது அண்ணன் வாயிலிருந்து வந்தால்தான் இந்தாம்மா.

கோவைக்காரன்:
வெற்றிலை சார் சொல்வது சரி. மேடம் பதில் சொல்லாமல் நழுவுகிறார். வெளியே போன மருமகள்களும் திரும்பத் திரும்ப அதே வீட்டுக்குத்தானே வந்தார்கள்? கதவு திறந்திருந்ததால்தானே போகவும் வரவும் முடிந்தது? உங்கள் வாதம் அங்கேயே முடிந்துவிட்டது. சொந்த அனுபவம் ஏதாவது இருந்தால் அதைச் சொல்லுங்கள், சீரியலை வைத்து ஊரை மிரட்டாதீர்கள்.

வைகைக்கரை:
சொந்த அனுபவமா? என் வீட்டில் நடப்பதை உங்களிடம் ஒப்பிக்க நீங்கள் யார்? அடி வாங்கியதற்கு ரசீது காட்டினால்தான் பேசவிடுவீர்களா? போய்ப் போய்த் திரும்பி வருவது எல்லா மகளிர் காவல் நிலையத்திலும் தினமும் பார்க்கிற கதை. சமாதானம் பேசி, பிள்ளைகள் முகத்தைக் காட்டி, எழுதி வாங்கித் திருப்பி அனுப்புவார்கள். அந்த ஒன்றை மட்டும் சீரியல்காரர்கள் தெரிந்தோ தெரியாமலோ சரியாகக் காட்டிவிட்டார்கள். அதைத்தான் நீங்கள் குறை என்று தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

கோவைக்காரன்:
ஆக, கதவு திறந்துதான் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறீர்கள். நன்றி.

வைகைக்கரை:
ஒப்புக்கொள்ளவில்லை. நான் எழுதியதை மறுபடி படியுங்கள். வாய்விட்டுப் படியுங்கள்.

ஃபுட்டேஜ்:
நான் சொன்ன வாடகை விஷயத்துக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

நெல்லை அல்வா:
அண்ணே, உங்கள் ஃபுட்டேஜை எடிட்டிங்கில் தூக்கிவிட்டார்கள்.

பழைய ஆன்டெனா:
பாக்கியலட்சுமி பற்றி யாரும் பேசவில்லையே? விஜய் டிவி என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்வீர்களா? அங்கே கோபி செய்தது என்னவாம்?

சோழவந்தான் வெற்றிலை:
கோபி அடித்தாரா ஐயா? அது கள்ளக்காதல் கேஸ். இந்தத் திரியில் எதற்கு?

வைகைக்கரை:
படிக்காதவள் என்று பெண்டாட்டியை எத்தனை வருஷம் மட்டம் தட்டினார்? அதுவும் இந்தத் திரிதான். 3ஆம் பிரிவு என்று முதல் பதிவிலேயே...

பழைய ஆன்டெனா:
நான் விஜய் டிவியைக் கேட்டேன், பிரிவைக் கேட்கவில்லை.

கோவைக்காரன்:
பாக்கியா வெளியே வந்து கேட்டரிங் நடத்தினாள். கதவு.