பொருள்: பெடல் அசிஸ்ட் – தமிழில் எப்படிச் சொல்வது?

தொழிற்பயிற்சி ஆசிரியர், திருச்சி:
அனைவருக்கும் வணக்கம். சாதாரண சைக்கிளை மின்சைக்கிளாக மாற்றும் செய்முறைக் கையேடு ஒன்றை மாணவர்களுக்காக எழுதி வருகிறேன். 36 வோல்ட் பேட்டரி, 250 வாட் மோட்டார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஹப் மோட்டாரைக் 'குட மோட்டார்' என்று எழுதினேன். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவில் இருப்பதைக் குடம் என்பார்களே, பையன்களுக்கு உடனே புரிந்துவிட்டது. இடறுவது பெடல் அசிஸ்ட்தான். பெடல் அச்சில் காந்தங்கள் பதித்த சிறு வளையம், பக்கத்தில் ஓர் உணரி. முன்னோக்கி மிதித்தால் மட்டுமே கன்ட்ரோலர் மோட்டாருக்கு மின்சாரம் விடும். கால் நின்றால் மோட்டாரும் நின்றுவிடும். 'மிதி உதவி' என்று எழுதியிருந்தேன். நேற்று ஒரு மாணவன் பெடலைக் கையால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உதவியை எங்கே மாட்ட வேண்டும் சார்?" என்று கேட்டான். நல்ல சொல் தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:
புறநானூறு 102ஐப் பாருங்கள். எருதுகள் இளையவை, பாரமோ பெரிது. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ என்று உப்பு வணிகர்களான உமணர் வண்டியின் கீழ்மரத்தில் சேம அச்சைக் கட்டி வைக்கிறார்கள். அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்த அச்சுக்கு ஒப்பிடுகிறார் ஔவையார். மேட்டில் கைகொடுப்பது எதுவோ அதுவே சேமம். 'சேமவிசை' என்று வையுங்கள். பேட்டரியில் சேமித்த ஆற்றல் என்ற பொருளும் அதிலேயே அடங்கிவிடும்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
ஐயா, பாடல் அருமை. ஆனால் சேம அச்சு முதல் அச்சு முறிந்த பிறகு வேலைக்கு வருவது. இங்கே மோட்டார் காலோடு கூடவே உழைக்கிறது. சேமவிசை என்றால் மாற்று பேட்டரி என்றுதான் பையன்கள் நினைப்பார்கள். 'மிதிதுணை' போதுமே. வழித்துணை தெரிந்தவர்களுக்குத் துணை புரியாதா?

உறுப்பினர், யாழ்ப்பாணம்:
நாங்கள் சைக்கிளை மிதிப்பதில்லை, உழக்குவோம். 'உழக்குத்துணை' என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். செய்தி முடிவதற்குள் தோள் கடுத்துவிடும்; தம்பியும் நானும் முறை வைத்துச் சுற்றுவோம். அந்தச் சைக்கிளுக்கே இப்போது மோட்டார் பூட்டப் போகிறேன். அதனால் இந்தச் சொல்லில் எனக்குப் பற்று அதிகம்.

தமிழாசிரியர், மதுரை:
உழக்கு இங்கே காற்படி அளவு. அரிசி அளக்கப் போய்விடுவார்கள். அது இருக்கட்டும், 'மிதிதுணை' பிழை. ஒற்று மிகாவிட்டால் வினைத்தொகையாகிவிடும். மிதித்த துணை, மிதிக்கின்ற துணை, மிதிக்கும் துணை என்று விரியும். மிதிப்பவர் மனிதர், துணை அன்று. மிதிக்குத் துணை என்பதே கருத்து. ஆகவே 'மிதித்துணை'.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
'மிதித்து' என்று படித்துவிட்டுக் கண் நின்றுவிடுமே, ஐயா!

தொழிற்பயிற்சி ஆசிரியர், திருச்சி:
இன்று பணிமனையில் இரண்டையும் கரும்பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னேன். 'மிதித்துணை'யைப் பெரும்பாலோர் 'மிதித்து' என்று நிறுத்தி, மீதியைத் தேடினார்கள். 'மிதிதுணை'யில் ஒருவரும் தடுமாறவில்லை. 'சேமவிசை' எதைக் குறிக்கும் என்று கேட்டேன். "சார், ஸ்டெப்னி" என்றான் ஒருவன். மதுரை ஐயா மன்னிக்க வேண்டும். கையேட்டில் மிதிதுணை என்றே போகிறது. தலைப்பில் மட்டும் பெடல் அசிஸ்ட் என்றும் சேர்த்துக்கொள்கிறேன். இன்னும் ஒன்று பாக்கி. குட மோட்டாரின் அச்சு ஃபோர்க்கில் நழுவிச் சுழன்றால் வயர் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். அதைத் தடுக்கும் இரும்புப் பட்டைக்கு, டார்க் ஆர்முக்கு, 'முறுக்குத்தாங்கி' சரியா?

தமிழாசிரியர், மதுரை:
முறுக்குத்தாங்கி சரி. அதில் ஒற்று மிகுந்திருக்கிறது, பையன்களும் தடுமாறாமல் படிப்பார்கள். மிதித்துணைக்கு மட்டும் அந்த 'த்' ஏன் மறுக்கப்படுகிறது? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.