ஸ்ட்ரோக் கீபோர்டில் மூன்று சீன எழுத்துகள் வரவில்லை – கோட்டு வரிசையில் எங்கே தப்பு?

வெண்சுழி:
ஐபோனில் எளிய சீனத்துக்கான ஸ்ட்ரோக் கீபோர்டு (எழுத்தின் கோடுகளை எழுதும் வரிசையில் தட்டினால் எழுத்து வரும்) போட்டிருக்கிறேன். பொத்தான்களை இப்படி எண்ணிட்டுக்கொள்கிறேன்: 1 படுக்கைக்கோடு, 2 நிமிர்கோடு, 3 இடப்பக்கம் இறங்கும் சாய்கோடு, 4 புள்ளி, 5 மடிப்பு. கையிலுள்ள அட்டவணைப்படி தட்டினால் இந்த மூன்றும் வருவதில்லை:

வயல் (தியென், இரண்டாம் தொனி): 2 5 2 1 1
நாடு (குவோ): 2 5 1 2 1 1 4 1
மின்சாரம் (தியென், நான்காம் தொனி): 2 5 1 5 1

மூன்றாவதற்கு அட்டவணையில் படம் இல்லை, "மூடும் கோடு கடைசியில்" என்ற விதியை வைத்து நானே போட்டேன். விரலால் வரையும் கீபோர்டில் மூன்றுமே வந்துவிடுகின்றன.

மைக்கூடு:
முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். உங்களிடம் இருப்பது ஜப்பானியக் 'கான்ஜி' (ஜப்பானில் புழங்கும் சீன எழுத்து) அட்டவணை. வயலுக்குள் இருக்கும் கூட்டல் குறியில் நிமிர்கோட்டை முதலில் போடுவது ஜப்பானிய முறை. சீனாவில் படுக்கைக்கோடு முதலில், அதாவது 2 5 1 2 1.

'நாடு' எழுத்தின் பெட்டிக்குள் இருப்பது 'அரசன்' வடிவமும் ஒரு புள்ளியும். அரசனை ஜப்பானில் 1 2 1 1 என்றும் சீனாவில் 1 1 2 1 என்றும் எழுதுவார்கள். ஆகவே 2 5 1 1 2 1 4 1 என்று தட்டுங்கள்.

ஓர் அட்டவணை எந்த நாட்டுடையது என்று பார்க்க 'வலது' (யோ) எழுத்தைப் பாருங்கள். 1 3 என்று தொடங்கினால் சீனா, 3 1 என்றால் ஜப்பான். 'இடது' எழுத்தை வைத்துப் பார்க்காதீர்கள், அது இரண்டு நாட்டிலும் 1 3தான். ஜப்பானிய வரிசை 1958இல் அவர்கள் கல்வி அமைச்சு வெளியிட்ட கையேட்டிலிருந்து வருவது. சீனாவில் இப்போது நடப்பிலிருப்பது 8105 எழுத்துகளுக்கான விதிமுறை, 2021 மார்ச் 1 முதல். கீபோர்டுக்கு வேண்டியது இரண்டாவது.

விரலால் வரையும் கீபோர்டு முழு வடிவத்தைப் பார்த்து ஊகித்துவிடும். வரிசையைச் சோதிக்க அது உதவாது.

கட்டக்காகிதம்:
மின்சாரம் வராததற்குக் காரணம் அந்த விதியை அளவுக்கு மீறி நம்பியது. நடு நிமிர்கோட்டின் கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அடிக்கோட்டோடு நின்றுவிட்டால் அடிக்கோடு கடைசி. அடிக்கோட்டைத் துளைத்துக் கீழே இறங்கினால் பெட்டியை மூடிவிட்டு நிமிர்கோட்டைக் கடைசியில் இறக்க வேண்டும். தலை நீட்டியிருக்கிறதா என்பது கணக்கில் வராது.

தலை மட்டும் நீட்டும் 'யோ' (காரணம்): 2 5 1 2 1, வயலுக்கும் இதே எண்கள்
கால் மட்டும் நீட்டும் 'ஜியா' (ஓடு, கவசம்): 2 5 1 1 2
இரண்டும் நீட்டும் 'ஷென்': 2 5 1 1 2
மின்சாரம்: 2 5 1 1 5, கீழே வால் வளைந்து கொக்கியாவதால் கடைசி 5

'உள்ளே' என்று பொருள்படும் 'லி'யும் இந்தக் கூட்டம்தான்: 2 5 1 1 2 1 1. அதை வயலும் மண்ணுமாக உடைத்தால் வராது.

நாணல்:
பொதுவாக, எதையாவது சூழ்ந்து நிற்கும் உறுப்பு எல்லாமே கடைசி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

கட்டக்காகிதம்:
நாணல், அப்படிச் சொன்னால் மாட்டிக்கொள்வார். 'இந்த' (ஜெ) எழுத்தில் இடப்புறமும் அடியிலும் ஓடும் நடைக்குறி கடைசி, சரி. ஆனால் 'எழு' (சீ) எழுத்தில் அதே இடத்தில் நிற்கும் 'நட' (ஸோ) உறுப்பு முதலில் வரும். 'வட்டாரம்' (ச்சூ) எழுத்தில் மேல்கோடு முதலில், உள்ளே இருப்பது அடுத்து, இடமும் அடியும் சேர்ந்த மடிப்பு கடைசி: 1 3 4 5. உறையே இரண்டாகப் பிரிகிறது.

வெண்சுழி:
மூன்றும் வந்துவிட்டன, நன்றி. இப்போது 'நான்' (வோ) வரவில்லை: 3 1 5 1 5 4 3. தாளில் எழுதும்போது பெட்டிகளும் கோணுகின்றன.

மைக்கூடு:
'நான்' எழுத்தில் இரண்டு தப்பு. மூன்றாவது கோடு கொக்கியோடு முடியும் நிமிர்கோடு. அது 5 இல்லை, 2. கொக்கி இருந்தாலே மடிப்பு என்று எண்ணுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கின்றன, மேல் வலப்புறப் புள்ளிதான் எல்லாவற்றுக்கும் பின். சரியான வரிசை 3 1 2 1 5 3 4. நான்காவது கோடு கீழிருந்து வலப்புறம் ஏறுவது. ஏறுகோடுகள் 1இல் சேரும். வலப்பக்கம் இறங்கும் நீண்ட சாய்கோடு புள்ளியோடு சேர்ந்து 4.

பெட்டி கோணுவது அநேகமாகத் தமிழ்க் கைப்பழக்கம். 'ப' போட்டு மேலே மூடி வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சீனப் பெட்டிக்கு மூன்றே கோடுகள்: இடது நிமிர்கோடு மேலிருந்து கீழே, பேனாவை எடுங்கள், மேல்கோட்டை இழுத்து, எடுக்காமல் வலது பக்கம் இறக்குங்கள், கடைசியில் அடிக்கோடு, இடமிருந்து வலம். 'ப' முறையில் வலக்கோடு கீழிருந்து மேலே போவதால் உயரம் கைக்கு அகப்படாது, மூடி சரியும்.

நான்காகப் பிரித்த கட்டத் தாளில் எழுதுங்கள், பெரியவர்களுக்கு 1.5 செ.மீ. கட்டம் போதும். எழுதும்போது எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஐந்து முறை, பிறகு பார்க்காமல் இரண்டு முறை. பக்கம் பக்கமாக ஒரே எழுத்தை நிரப்பினால் கை தப்பான வரிசையையும் அதே உறுதியோடு பிடித்துக்கொள்ளும்.

நாணல்:
அடுத்து மாட்டப்போவது 'ஒன்பது' (ஜியோ), 'பலம்' (லி). முன்னது 3 5, பின்னது 5 3. 'கத்தி'யும் 5 3தான்.