ஸ்தேவான் சாட்சியா, இரத்தசாட்சியா? (அப்போஸ்தலர் 22:20)

ஒலிவமலை:
ஒரு போதகரின் பிரசங்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அப்போஸ்தலர் 1:8-இல் "எனக்குச் சாட்சிகளாயிருப்பீர்கள்" என்ற இடத்தில் வருவது 'மார்ட்டுஸ்' என்ற கிரேக்கச் சொல்லாம். அதற்கு உயிரைக் கொடுப்பவன் என்றுதான் பொருளாம். கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. அது நீதிமன்றச் சொல். கண்டதையும் கேட்டதையும் சொல்ல வருகிறவன் மார்ட்டுஸ். இயேசுவை விசாரித்தபோது "இனிச் சாட்சிகள் எதற்கு" என்று பிரதான ஆசாரியன் வஸ்திரத்தைக் கிழித்தானே, மத்தேயு 26:65, அங்கேயும் இதே சொல்தான். அந்தச் சாட்சிகள் யாருக்காகச் செத்தார்கள்?

கெதரோன் வாசகன்:
கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானைப் பற்றிய அப்போஸ்தலர் 22:20-ஐ ஏன் தாண்டிப் போகிறீர்கள், ஐயா? "உம்முடைய சாட்சியாகிய ஸ்தேவான்" என்று பவுல் சொல்லும் அதே மூச்சில் இரத்தமும் வருகிறது. 1611-இல் வந்த ஜேம்ஸ் அரசர் ஆங்கில வேதாகமம் அங்கே 'மார்ட்டர்', அதாவது விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த இரத்தசாட்சி, என்றே போட்டது. அந்த அறிஞர்களைவிட உங்களுக்குக் கிரேக்கம் அதிகம் தெரியுமோ?

ஒலிவமலை:
இரத்தம் என்ற சொல் அங்கே தனியாக நிற்கிறது. அதை எடுத்து மார்ட்டுஸுக்குள் திணிக்காதீர்கள். 7:58-ஐத் திறங்கள். ஸ்தேவானைக் கல்லெறிந்தபோது சவுலின் (பின்னாளில் பவுல்) காலடியில் வஸ்திரங்களைக் கழற்றி வைத்தவர்கள் யார்? 'மார்ட்டுரெஸ்' என்கிறார் அதை எழுதிய லூக்கா. மார்ட்டுஸின் பன்மைதான் அது. சாட்சி சொன்னவனே முதல் கல்லை எறிய வேண்டும் என்பது உபாகமம் 17:7. கொன்றவர்களுக்கும் அதே சொல், கொல்லப்பட்டவனுக்கும் அதே சொல்! இதற்குப் பதில் சொல்லுங்கள்.

கெதரோன் வாசகன்:
நம் வேதாகமத்தில் அங்கே 'சாட்சிக்காரர்' என்று இருக்கிறது. 22:20-இல் 'சாட்சி'. வித்தியாசம் தெரிந்துதான் மொழிபெயர்த்தார்கள்.

ஒலிவமலை:
அந்த வித்தியாசம் தமிழில் இருக்கிறது, கிரேக்கத்தில் இல்லை. கேட்டது கிரேக்கம்.

மறைவட்டத்தான்:
நீங்கள் 'இரத்தசாட்சி' என்று எழுதுவதே எனக்கு உறுத்துகிறது. மறைசாட்சி என்று சொல்லிப் பழகுங்கள். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்துக்கு 2022-இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது கத்தோலிக்கர் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னோம். அவர் வெறும் நீதிமன்றச் சாட்சியா?

பனையோலை:
இரத்தசாட்சி என்பதில் என்ன குறை? உங்கள் சொல்தான் உயர்ந்தது என்ற நினைப்பு எப்போது போகும்?

மறைவட்டத்தான்:
குறை என்று நான் சொல்லவில்லை. நீங்கள்தான் ஒரே சடங்கை ஞானஸ்நானம் என்பதா, திருமுழுக்கு என்பதா என்ற பழைய விவாதத்திலிருந்து இந்தக் கோபத்தைச் சுமந்துகொண்டு திரிகிறீர்கள்.

ஒலிவமலை:
தேவசகாயத்தை யாரும் குறைக்கவில்லை. பேச்சு முதல் நூற்றாண்டைப் பற்றியது. வெளிப்படுத்தல் 2:13-இல் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட அந்திப்பாவை இயேசு "உண்மையுள்ள சாட்சி" என்கிறார். 1:5-இல் இயேசுவுக்கும் அதே அடைமொழி. 11:7-ஐயும் படியுங்கள். இரண்டு சாட்சிகளும் தங்கள் சாட்சியைச் சொல்லி முடித்த பிறகுதான் மிருகம் அவர்களைக் கொல்லுகிறது. சாட்சி முடிந்தது, அதன்பின் சாவு. சாவே சாட்சி என்றால் இந்த வசனத்தை எங்கே வைப்பீர்கள்?

மறைவட்டத்தான்:
கி.பி. 177-இல் லியோன், வியன் (இன்றைய பிரான்சில்) சபைகள் எழுதிய கடிதம் பழைய வரலாற்றாசிரியர் யூசேபியுவின் திருச்சபை வரலாற்றில் இருக்கிறது. சித்திரவதைப்பட்டு உயிரோடு சிறையில் கிடந்தவர்கள், எங்களை மார்ட்டுஸ் என்று அழைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்கு உரியது என்று மறுத்தார்கள். அந்த விசுவாசிகளுக்குக் கிரேக்கம் தாய்மொழி போன்றது.

ஒலிவமலை:
177! பவுல் பேசி நூறு வருடங்களுக்கு மேல் ஆன பிறகு! ஸ்மிர்னா சபையின் ஆயர் பொலிகார்ப்பு எரிக்கப்பட்டதற்கும் பிறகு. பிற்காலத்துப் பொருளைத் தூக்கிக்கொண்டு போய் லூக்காவின் வாயில் வைக்கிறீர்கள். தன்னை அப்படி அழைக்காதே என்று ஒருவர் மறுக்கிறார் என்றால், உயிரோடு இருப்பவரையும் அப்போது சிலர் அப்படி அழைத்தார்கள் என்றுதானே அர்த்தம்? நீங்கள் கொண்டுவந்த ஆதாரமே என் பக்கம் நிற்கிறது.

கெதரோன் வாசகன்:
எவ்வளவு எழுதினாலும் 22:20 அங்கேயேதான் இருக்கிறது. ஸ்தேவான், சாட்சி, இரத்தம். மூன்றும் ஒரே வசனத்தில். உயிரைக் கொடுத்தவரை வெறும் வாய்ச் சாட்சி ஆக்குவதில் உங்களுக்கு என்ன மகிழ்ச்சியோ!

ஒலிவமலை:
வாய்ச் சாட்சி என்று இழிவாகச் சொல்கிறீர்களே, அப்போஸ்தலர் 7-ஆம் அதிகாரத்தில் ஸ்தேவான் ஆபிரகாமில் தொடங்கி சாலொமோன் வரை ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று பேசியது என்ன? அந்தப் பேச்சுக்காகத்தான் அவரைக் கொன்றார்கள். 7:58-க்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

கெதரோன் வாசகன்:
22:20-க்கு நீங்களும் சொல்லவில்லை.

பனையோலை:
மறைவட்டத்தாரே, திருமுழுக்கு விவாதத்தை இங்கே இழுத்தது நீங்கள். அதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.